லேசு டாக்டர்

வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு இரண்டு கைகளையும் அதனடியில் நீட்டிக்கொண்டு நிற்கிறார். கழுவுவதற்காக அல்ல, சூடேற்றிக்கொள்வதற்காக. பிறகு துண்டால் ஒற்றி, மேசை டிராயரிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, உள்ளங்கையில் க்ரீமைத் தடவி, விரல் விரலாக நீவிவிட்டுக்கொள்கிறார். "ஜில்லுன்னு கை பட்டா உங்களுக்குத் தூக்கிவாரிப் போடும்ல, அதான்" என்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர் விரலெல்லாம் வீங்கி, வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைக்கூடத் தானாகத் திறக்க முடியாமல் வந்திருப்பவர். ஜில்லென்று படுவதுதான் அவருக்கு இப்போது பெரிய கவலை.

இவருடைய வேலை மூட்டு எண்ணுவது. சிரிக்காதீர்கள், அப்படி ஒரு வேலை இருக்கிறது, அதற்குப் பெரிய படிப்பும் படிக்க வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் ஆராய்ச்சிப் பிரிவு என்று ஒரு நீள வராந்தா. முடக்குவாதத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு மாத்திரை வேலை செய்கிறதா என்று எங்கள் மேல் சோதித்துப் பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, எடுத்துக் கொடுக்கும் சிஸ்டருக்கும் தெரியாது, எண்ணுகிற இவருக்கும் தெரியாது. மாதம் ஒரு புதன்கிழமை தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் கணுக்கள், முழங்கால் என்று இருபத்தெட்டு மூட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கி, வலிக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று இவர் சொல்லச் சொல்ல, சிஸ்டர் கம்ப்யூட்டரில் தட்டுவார். ஒரு மருந்தின் தலையெழுத்தே இவருடைய கட்டைவிரலில் இருக்கிறது.

அமுக்குவதற்கும் ஒரு கணக்கு உண்டாம். அமுக்குகிறவரின் நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்த வேண்டும், அப்போதுதான் ஊரெங்கும் எண்ணுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி எண்ணியதாக ஆகும். இவருடைய நகம் வெளுத்து நான் பார்த்ததில்லை. கடைக்காரன் பார்த்துவிடுவானோ என்று பயந்துகொண்டே பழத்தை அமுக்கிப் பார்க்கிறவர்கள் உண்டு அல்லவா, அந்த மாதிரி ஒரு அமுக்கு. அமுக்கிவிட்டு, நாம் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டுவிடுவார்: "லேசாத்தானே?"

நான் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதிப் பிழைத்தவள். பதிலைக் கேள்விக்குள்ளேயே ஒளித்து வைத்துக் கேட்கிற வக்கீல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அப்படிக் கேட்டால் நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, சாட்சியின் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள் என்பார். இந்த அறையில் நீதிபதி கிடையாது. க்ரீம் வாசனைதான் இருக்கிறது.

லேசு டாக்டர் என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. நான் இந்த வராந்தாவுக்கு வந்தபோதே அந்தப் பெயர் இருந்தது. மனுஷனுக்கு உலகத்தில் எல்லாமே லேசுதான். ஜன்னல் வழியாகச் சாரலடித்து பெஞ்சுக்கடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்த ஒருநாள், கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, "வெளிய லேசா தூறுது போல" என்றார். வீட்டிலிருந்து மனைவி போன் செய்தால், "கிளம்பிட்டேம்மா, லேசா லேட்டாகும்" என்பார். அப்போது வராந்தாவில் பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருப்போம். அந்த அம்மா எதையெல்லாம் லேசாக எடுத்துக்கொண்டு காலத்தைத் தள்ளுகிறாரோ, பாவம். சட்டைகூட இவருக்குத் தோளில் இறுக்கமாகத்தான் இருக்கும். துணிக்கடையில் யாரோ "சார், உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்லியிருப்பார்கள். சொன்னவர்கள் மனசு நோகக் கூடாதே என்று வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருப்பார்.

கெட்டவரா என்றால், இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் தேவலை. கெட்ட டாக்டரை எங்களுக்குச் சமாளிக்கத் தெரியும். மேலிடத்தில் புகார் சொல்லலாம், சண்டை போடலாம், ஒன்றுமில்லாவிட்டால் முதுகுக்குப் பின்னால் நாலு வார்த்தை திட்டி மனசை ஆற்றிக்கொள்ளலாம். இவர் நல்லவர். நாற்காலியை இழுத்துப் போடுவார். பையை வாங்கி வைப்பார். பேத்தியின் பரீட்சை என்னாயிற்று என்று மறக்காமல் விசாரிப்பார். விசாரித்துவிட்டு, நாம் நன்றாக இருக்கிறோம் என்கிற ஒரு வார்த்தைக்காக, சோறு வைக்கப்போகும் கையைப் பார்க்கிற நாய்க்குட்டி மாதிரி நம் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முகத்துக்கு நேரே வலிக்கிறது என்று சொல்ல ஒரு கல்நெஞ்சம் வேண்டும். எனக்கு அது இருக்கிறது. முதல் மாதம் "லேசாத்தானே?" என்று கேட்டபோது, "லேசா இல்ல டாக்டர், உயிர் போகுது" என்றேன். மனுஷன் என் கையை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். "ஸ்டெனோம்மா கொஞ்சம் கறார்" என்று சிஸ்டரிடம் சொன்னார்.

படிப்பில் குறை சொல்ல முடியாது. இந்த நோயைப் பற்றி இவர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், ஒருதடவை மட்டும். "நம்ம உடம்புக்குள்ள ஒரு காவல்காரன் இருக்கான். வெளியாள் வந்தா அடிச்சுத் துரத்தணும், அதான் அவன் வேலை. உங்க காவல்காரன் என்ன பண்றான், வீட்டுக்காரனையே திருடன்னு நினைச்சு அடிக்கிறான்." இந்த இடத்தில் ஒரு நிறுத்தம் வரும். எல்லாரிடமும் அதே இடத்தில், அதே நிறுத்தம், அதே புன்சிரிப்பு. அப்புறம் ஒரு பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு வரைவார். உடம்பிலிருக்கும் ஏதோ ஒரு சாதாரணப் புரதம் கொஞ்சம் உருமாறிப் போகிறதாம். புகை பிடிப்பவர்களுக்கு நுரையீரலில், ஈறு கெட்டவர்களுக்கு வாயில்கூட அது ஆரம்பிக்கலாமாம். உடம்பு அதைப் பார்த்து, இது நம் ஆள் இல்லை என்று முடிவுகட்டி, எதிர்த்து ஆயுதம் செய்கிறதாம். வலி என்று ஒன்று வருவதற்குப் பல வருஷம் முன்பே அந்த ஆயுதம் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்குமாம். அப்புறம் ஒருநாள் மூட்டின் உள்தோல் வீங்கி, எலும்பை அரிக்க ஆரம்பிக்கும். படத்தில் காவல்காரனுக்கு மீசை வேறு வைத்திருப்பார். இவ்வளவு தெளிவாக வரையத் தெரிந்தவருக்கு, அடி வாங்குகிறவன் கத்துவது மட்டும் காதில் விழாது.

இந்தக் காவல்காரன் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன இன்னொருத்தர் லைப்ரரியம்மா. நூலகத்தில் வேலை. அவருக்கு இருப்பது லூபஸ், அதற்கான மருந்துச் சோதனையும் இதே வராந்தாவில்தான். எங்கள் காவல்காரன் கதவுக் கீலோடு நிறுத்திக்கொள்கிறான் என்றால், அவருடைய காவல்காரன் கூரை, சமையலறை, தண்ணீர்த் தொட்டி என்று எதையும் விடமாட்டான். தோல், மூட்டு, சிறுநீரகம் எல்லாவற்றிலும் கைவரிசை காட்டுவான். வெயில் பட்டாலே முகம் சிவந்துவிடும் என்பதால் ஜன்னல் பக்கம் உட்காரமாட்டார். ஊரெல்லாம் எதிர்ப்புச் சக்தி கூட வேண்டும் என்று பொடியும் சூரணமுமாகத் தின்றுகொண்டிருக்கிறது. எங்களுக்கு அது கூடிப்போய்த்தான் இந்தக் கதி, அதைக் குறைக்கத்தான் பை நிறைய மாத்திரை. இது லைப்ரரியம்மாவின் அண்டை வீட்டுக்காரர்களுக்குப் புரிவதேயில்லை, பார்க்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு பொடியை நீட்டுகிறார்களாம்.

லேசு டாக்டர் ஒருநாள் அவரிடமும், "நுரை லேசாத்தானே வருது?" என்று கேட்டிருக்கிறார். சிறுநீரில் நுரை கூடினால் சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது என்று அர்த்தம், சந்தோஷமான விஷயம் இல்லை. லைப்ரரியம்மா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்லவேளை ஸ்டெனோம்மா, எனக்கு லேப்ல மூத்திரத்தைப் பாத்து முடிவு பண்றாங்க. அதுக்கு முகதாட்சண்யம் தெரியாது."

எங்களுடைய மூட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்களுக்கும் ரத்தம் எடுக்கிறார்கள், ஆனால் கணக்கின் பெரும்பகுதி கட்டைவிரலும் வாயும் சேர்ந்து போடுவது. வாய் என்பது முகத்தைப் பார்த்துப் பேசும் சாமான்.

வராந்தாக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சோதனைக்கு வரும் நாள் காலையில் வலி மாத்திரை போடக் கூடாது என்பது விதி. போட்டால் நிஜ வலி தெரியாதே. ஆனால் இங்கே பாதிப் பேர் அன்றைக்குத்தான் தேடிப்பிடித்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருத்தர் படியேறுவதற்கு முன்னால் கீழே தண்ணீர்க் குழாயடியில் நின்று இரண்டு மாத்திரையை விழுங்குவார். கேட்டால், "டாக்டர் முன்னாடி போய் மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? அவ்வளவு பெரிய மனுஷன், கையைப் பிடிச்சுப் பாக்கறாரு" என்றார். விருந்தாளி வரும் வீட்டில் கிழிந்த திரையை மறைத்துவைக்கிற மாதிரி, வலியை மறைத்துவைத்துவிட்டு உள்ளே போவார்கள். லேசு டாக்டருக்கு இது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். ஒருமுறை பஸ்காரரின் சட்டைப் பையில் மாத்திரை அட்டை எட்டிப் பார்த்ததை நானே பார்த்தேன். டாக்டரும் பார்த்தார். பார்த்துவிட்டு அதைப் பைக்குள் நன்றாகத் தள்ளிவிட்டார், கீழே விழுந்துவிடுமாம்.

இதனால் என்ன ஆகும் என்று சிஸ்டரிடம் ஒருநாள் கேட்டேன். அதிகம் பேசாதவர், அன்று பேசினார்.

"எல்லாருக்கும் குறைஞ்சிருக்குன்னு வந்தா, ரெண்டு மாத்திரையும் ஒண்ணுன்னுதான் தெரியும். மருந்து வேலை செய்யலன்னு மூடிட்டுப் போயிடுவாங்க."

அதாவது, வெறும் மாத்திரையை விழுங்கியவர்களும் தேறிவிட்டார்கள் என்றால் நிஜ மருந்து எதற்கு? எங்களுக்கு ஒரு மருந்து வராதா என்று மாநாடு மாநாடாகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கும் இதே மனுஷன், தன் கட்டைவிரலாலேயே அந்த மருந்தின் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கிறார். நெரிப்பதும் லேசாகத்தான். போனில் யாரிடமோ, "நம்ம சென்டர்ல எல்லாருமே நல்லா இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டிருக்கிறேன். குரலில் அப்படியொரு பூரிப்பு. மருந்து ஜெயிக்க வேண்டும் என்பதுகூட அவருக்கு இல்லை என்று நினைக்கிறேன். தன் கை பட்டால் வலி போகிறது என்று ஒரு நினைப்பு உள்ளே எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது. சுவரில் பாருங்கள், நோயாளிகள் எழுதிக் கொடுத்த நன்றி அட்டைகள்தான் முழுக்க. மேசைமேல் எலும்புகளை மூட்டு மூட்டாகக் காட்டும் ஒரு பிளாஸ்டிக் கை. அது ஒன்றுதான் அந்த அறையில் அவரைப் பார்த்துப் பொய் சொல்லாதது.

இப்போது டெய்லரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஒன்றிரண்டு வயது மூத்தவர். வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர். நாங்கள் இருவரும் ஒரே நாளில் இந்தச் சோதனையில் சேர்ந்தோம், ஒரே புதன்கிழமையில் வருவோம், ஒரே பெஞ்சு. எனக்கு நிஜ மாத்திரை விழுந்திருக்க வேண்டும். இரண்டாம் மாதத்திலேயே காலையில் எழுந்ததும் விரல் மடங்க ஆரம்பித்தது. இப்போது பேனா பிடிக்கிறேன், இதை எழுதுவதே அந்தக் கைதான். அவருக்கு விழுந்தது வெறும் மாத்திரை என்பதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், கையைப் பார்த்தால் போதும். வலது கட்டைவிரலின் அடிக்கணு தடித்து, மணிக்கட்டு பன் மாதிரி உப்பி நிற்கிறது. கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. துணி வெட்டுவது இப்போது அவருடைய வீட்டுக்காரர். "அவரு வெட்டின சட்டையைப் போட்டுட்டுப் போனா, ஒரு கையைத் தூக்கிக்கிட்டே நடக்கணும்" என்று டெய்லரம்மாவே சொல்லிச் சிரிப்பார். ஆனால் சேரும்போது எடுத்த எக்ஸ்ரேயில் அவருடைய எலும்பின் ஓரத்தில் ஒரு சின்ன அரிப்பு தெரிந்திருந்தது. எலும்பு அரித்தால் அரித்ததுதான், எந்த மருந்து வந்தாலும் போனது போனதுதான். அது சிரிக்கிற விஷயம் இல்லை.

இதற்கு ஒரு வழியும் இருந்தது. நான்காம் மாதம் எண்ணும்போது வலியும் வீக்கமும் ஐந்தில் ஒரு பங்காவது குறையவில்லை என்றால், அவரை நிஜ மருந்துக்கு மாற்றிவிடுவார்கள். குறைந்திருக்கிறது என்று வந்துவிட்டால், விழுங்குவது எதுவோ அதையே வருஷக் கடைசி வரை விழுங்க வேண்டியதுதான். சேரும்போதே இதை எங்கள் எல்லாருக்கும் சொன்னார்கள். டெய்லரம்மா மூன்று மாதமும் வலி மாத்திரை போட்டுக்கொண்டு போய், "பரவால்ல டாக்டர், பரவால்ல டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தார். பதினாலில் தொடங்கிய எண்ணிக்கை எட்டாகி, ஆறாகி நின்றது. கம்ப்யூட்டரில் கை குணமாகிக்கொண்டே வந்தது. வீட்டில் புருஷன் துணி வெட்டிக்கொண்டிருந்தார்.

நான்காம் மாதப் புதன்கிழமை நான் போனபோது அவர் பெஞ்சில் உட்கார்ந்து வலி மாத்திரை அட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கட்டைவிரலால் அமுக்கினால்தான் மாத்திரை வெளியே வரும். அவருடைய கட்டைவிரல் வரமாட்டேன் என்கிறது. பல்லால் கடித்துப் பார்த்தார். பெஞ்சு விளிம்பில் தேய்த்துப் பார்த்தார். கடைசியில் என்னிடம் நீட்டினார்.

"ஸ்டெனோம்மா, இதைக் கொஞ்சம் பிரிச்சுக் குடுங்க. கூப்பிடறதுக்குள்ள போட்டுக்கணும்."

"எதுக்கு?"

"வலிக்குதே, அதுக்குத்தான்."

"அதை உள்ள போய் அவர்கிட்ட சொல்லுங்க."

"அய்யோ, அவரு முகம் வாடிப்போயிடும். போன மாசம் எனக்காக எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டாரு, பாவம்."

வலியை மறைக்க மாத்திரை வேண்டும், மாத்திரையைப் பிரிக்க வலிக்காத விரல் வேண்டும். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அட்டையை வாங்கி என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.

"என்ன பண்றீங்க நீங்க?"

"அவரு முகம் வாடாம பாத்துக்க அவரு வீட்டுல ஆள் இருக்காங்க. உங்க விரலைப் பாத்துக்க யாரு இருக்கா?"

"நீங்க என்ன எனக்கு மாமியாரா? குடுங்க இப்படி."

கொடுக்கவில்லை. அவர் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். சிஸ்டர் வந்து கூப்பிட்டார்.

லேசு டாக்டர் எங்கள் இருவரையும் ஒன்றாகத்தான் உள்ளே அழைப்பார். விதிப்படி அது தப்பு. "ஃப்ரெண்ட்ஸைப் பிரிக்கலாமா?" என்பார். நான் சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்தேன். வெந்நீர், துண்டு, க்ரீம் எல்லாம் முடிந்தது. டெய்லரம்மாவின் தோளில் விரல் வைத்தார்.

"லேசாத்தானே?"

"ஆமா டாக்டர்."

மற்றத் தோள். "இதுவும் லேசா?"

"ம்."

டெய்லரம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. போயிற்று, இந்த வருஷம் முழுக்கப் போயிற்று என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முழங்கைகளும் லேசாக முடிந்தன. வலது மணிக்கட்டுக்கு வந்தார். அமுக்கக்கூட இல்லை, தொட்டார். டெய்லரம்மாவின் கை தானாகவே வெடுக்கென்று பின்னால் போயிற்று. முழங்கை மேசையில் இடித்து, க்ரீம் டப்பா உருண்டு கீழே விழுந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

"லேசாத்தானே?"

டெய்லரம்மாவின் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. டாக்டர் குனிந்து டப்பாவை எடுத்து மூடி, அதே இடத்தில் வைத்தார்.

"நீங்க எவ்வளவு நல்ல பேஷன்ட். எட்டு, ஆறுன்னு அழகா குறைஞ்சுட்டே வருது. இந்த மாசம் வந்து கெடுத்துக்கலாமா?"

அதுதான் அவரை உசுப்பியது என்று நினைக்கிறேன். டெய்லரம்மா இடது கையால் வலது மணிக்கட்டை அணைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூணு மாசமா நல்ல பேஷன்ட்டாத்தான் இருந்தேன் டாக்டர். ஒரு சட்டை வெட்ட முடியல. வலி மாத்திரை போட்டுட்டு வந்து பரவால்லன்னு சொல்லிட்டுப் போவேன். இன்னைக்குப் போடல. வலிக்குது."

"எங்க?"

"முதல்லேர்ந்து பாருங்க. சொல்றேன்."

சிஸ்டர் அதுவரை தட்டியதையெல்லாம் அழித்துவிட்டு, "தோள்லேர்ந்து ஆரம்பிக்கலாம் டாக்டர்" என்றார்.

ஆரம்பித்தார். "வலிக்குது" என்றார் டெய்லரம்மா. அடுத்ததற்கும் "வலிக்குது." விரல் கணுக்களுக்கு வரும்போது டாக்டரின் அமுக்கு தேய்ந்து தேய்ந்து, நூல் பட்டால் எவ்வளவு படுமோ அவ்வளவுக்கு வந்துவிட்டது. அப்படியும் "வலிக்குது." வலிக்காத இடங்களில் மட்டும், "இங்க வலிக்கல, அப்படியே எழுதிக்குங்க" என்றார். கேட்காமலேயே தன் பக்கத்துக்குப் பாதகமாக உண்மை பேசிய ஒரு சாட்சியை என் வேலைக்காலம் முழுக்க நான் கோர்ட்டில் பார்த்ததில்லை.

"வீக்கம் டாக்டர்?" என்றார் சிஸ்டர்.

"அவங்களுக்குக் கையே கொஞ்சம் கொழுகொழுன்னு…"

"எனக்கு எப்பவும் குச்சிக் கைதான் டாக்டர்," என்றார் டெய்லரம்மா.

வேறு வழியில்லாமல் டாக்டர் வீக்கங்களையும் சொன்னார். ஒவ்வொன்றையும் தன் கைக்காசைக் கொடுப்பவர் போலச் சொன்னார். சிஸ்டர் கூட்டிப் பார்த்தார்.

"வலி பதினஞ்சு. வீக்கமும் குறையல. நிஜ மருந்துக்கு மாத்தணும் டாக்டர்."

"இன்னொரு தடவை பாத்துடலாமா? இன்னைக்கு அவங்க கொஞ்சம் டென்ஷன்ல இருக்காங்க."

"ஒரு தடவைதான் டாக்டர் பாக்கணும்."

டாக்டர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடியபோது முகம் நிஜமாகவே தொங்கிப்போயிருந்தது. அதைப் பார்த்த டெய்லரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"சாரி டாக்டர்," என்றார்.

கேட்டீர்களா, சாரியாம். எலும்பு அரிபட்டவர், அரித்ததற்காக மன்னிப்புக் கேட்கிறார். அந்த மனுஷனாவது நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டாமா? "பரவால்ல, பரவால்ல" என்று பெருந்தன்மையாகத் தலையாட்டினார். மன்னித்துவிட்டாராம். எனக்கு எழுந்துபோய் அந்த நன்றி அட்டைகளையெல்லாம் சுவரிலிருந்து பிய்த்துப் போடலாம் போல இருந்தது.

"ஸ்டெனோம்மா, நீங்களாவது வாங்க" என்று என்னை அழைத்தார். டெய்லரம்மா எழுந்து சுவரோரமாகப் போய், தோளைக் காட்டுவதற்காகக் கழற்றியிருந்த மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு பொத்தானைப் பூட்ட ஆரம்பித்தார். நான் உதவிக்கு எழுந்தேன், "நானே போட்டுக்கறேன்" என்றார். கோபம் இன்னும் தீரவில்லை. நான் டாக்டருக்கு எதிரே உட்கார்ந்தேன். தோளை அமுக்கினார், முழங்கையை அமுக்கினார், விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே வந்தார். வலிக்கவில்லை. அன்றைக்கு மட்டும் எங்கேயாவது ஓரிடத்தில் வலிக்கக் கூடாதா என்றிருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லுங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு நான் பொய் சொல்ல முடியாதே. ஒவ்வொன்றுக்கும் "இல்லை, இல்லை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ரத்தம் ஊறிக்கொண்டே வந்தது.

கடைசி விரலை முடித்துவிட்டு என் கையை விடவில்லை. மணிக்கட்டைப் பிடித்து உயரத் தூக்கி, இரண்டாவது பொத்தானோடு போராடிக்கொண்டிருந்த டெய்லரம்மாவின் பக்கமாகத் திருப்பி, "இங்க பாருங்க டெய்லரம்மா, எப்படி இருக்கு பாருங்க" என்று, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மடக்கி நீட்டிக் காட்டினார்.